மூன்று கியூப்களின் சராசரி: பொறியியல் இளநிலை மாணவர்களுக்கு ஆராய்ச்சி அறிமுகம்

[காட்சி: சிவில் துறையின் கான்கிரீட் ஆய்வகம். அழுத்தச் சோதனை இயந்திரத்தில் ஒரு கியூப், அதாவது கனசதுரக் கான்கிரீட் கட்டி, மெல்ல விரிசல் விட்டு உடைகிறது.]

வணக்கம். தமிழ்நாட்டுப் பொறியியல் கல்லூரிகளில் இறுதியாண்டு சிவில் மாணவர்களின் புராஜெக்ட் பட்டியலைப் பார்த்தால், சிமெண்டுக்கோ மணலுக்கோ பதிலாக வேறொரு பொருளை ஓரளவு சேர்த்துக் கான்கிரீட் செய்யும் தலைப்புகள் ஆண்டுதோறும் வருவதைக் காணலாம். ஃபிளை ஆஷ் எனப்படும் அனல்மின் நிலையச் சாம்பல், தேங்காய்ச் சிரட்டை, கண்ணாடித்தூள், அரிசி உமிச் சாம்பல் என்று பொருள் மட்டும் மாறும். இவ்வளவு உழைப்பும் ஆராய்ச்சிதானா என்று கேட்டால், பெரும்பாலும் இன்னும் இல்லை என்றே சொல்ல வேண்டியிருக்கிறது. ஆனால் அதை ஆராய்ச்சியாக்கப் புதிய கருவியோ பெரிய நிதியோ தேவைப்படுவதில்லை. கேள்வியைக் கேட்கும் விதத்தை மாற்றினால் போதும். அது எப்படி என்பதை இதே ஃபிளை ஆஷ் கான்கிரீட்டை வைத்தே இந்த வீடியோவில் பார்ப்போம்.

[காட்சி: கரும்பலகையில் ஓர் அட்டவணை.]

வழக்கமான புராஜெக்ட் இப்படித்தான் நடக்கிறது. சிமெண்டில் 0, 10, 20, 30, 40 விழுக்காடு ஃபிளை ஆஷ் சேர்த்து ஐந்து கலவைகள் போடுகிறார்கள். ஒவ்வொரு கலவையிலும் 150 மில்லிமீட்டர் கியூப்களை வார்த்து, 7, 14, 28 ஆகிய நாட்களில் மும்மூன்றாக உடைக்கிறார்கள். மொத்தம் 45 கியூப்கள். இருபத்தெட்டாம் நாள் பலத்தைப் பட்டை வரைபடமாக வரைந்து, உயரமான பட்டையைச் சுட்டி, ‘20 விழுக்காடே உகந்த அளவு’ என்று முடிவுரை எழுதிவிடுகிறார்கள்.

எடுத்துக்காட்டாக, 10 விழுக்காட்டுக் கலவையின் மூன்று கியூப்கள் 29.7, 32.2, 33.8 நியூட்டன்/சதுர மி.மீ. பலம் காட்டின என்று வைத்துக்கொள்வோம். சராசரி 31.9. அடுத்து 20 விழுக்காட்டுக் கலவையின் மூன்று கியூப்கள் 30.8, 33.0, 35.5 காட்டின. சராசரி 33.1. வரைபடத்தில் இரண்டாவது பட்டை உயர்ந்துதான் நிற்கிறது. ஆனால் எண்களைச் சற்று நேரம் உற்றுப் பாருங்கள். சராசரிகளுக்கு இடையே உள்ள வேறுபாடு 1.2 மட்டுமே. ஒரே கலவையில், ஒரே கையால் வார்த்த மூன்று கியூப்களுக்குள்ளேயே 4 முதல் 5 வரை வேறுபாடு இருக்கிறது. அப்படியானால் இந்த 1.2 ஃபிளை ஆஷ் தந்த பலமா, அல்லது கியூப்புக்குக் கியூப் இயல்பாகவே வரும் ஏற்ற இறக்கமா?

இந்தச் சிதறலை நம்முடைய தரநிலையே ஏற்றுக்கொண்டிருக்கிறது. கான்கிரீட்டுக்கான இந்தியத் தரநிலையான ஐ.எஸ். 456:2000 ஆவணம், மூன்று கியூப்களின் சராசரியிலிருந்து தனி கியூப் ஒன்று 15 விழுக்காடு வரை விலகலாம் என்று அனுமதிக்கிறது. முந்தைய சோதனை முடிவுகள் இல்லாத நிலையில், எம்25 கான்கிரீட்டுக்கு (28 நாளில் 25 நியூட்டன்/சதுர மி.மீ. பலம் எதிர்பார்க்கப்படும் வகை) திட்டவிலக்கத்தை, அதாவது முடிவுகள் சராசரியைச் சுற்றிச் சிதறும் அளவை, 4 நியூட்டன்/சதுர மி.மீ. என்று கொள்ளச் சொல்வதும் அதே ஆவணம்தான். கலவை விகிதத்தைக் கணக்கிடக் கற்கும் மிக்ஸ் டிசைன் வகுப்பில், 25 உடன் 1.65 மடங்கு திட்டவிலக்கத்தைக் கூட்டி 31.6 என்ற இலக்குப் பலத்தை நாம் எல்லோரும் கணக்கிட்டிருக்கிறோம். தேர்வுக்காகப் படித்த அந்த 4, புராஜெக்ட் எழுதும்போது நம் நினைவுக்கு வருவதில்லை. என் பார்வையில், நம் இளநிலைப் படிப்பில் ஆராய்ச்சிக்கும் பாடத்துக்கும் இடையே விழுந்திருக்கும் பெரிய இடைவெளி இதுதான்.

[காட்சி: ஒரே தொட்டியில் ஊறும் கியூப்கள். ஒவ்வொன்றின் மேலும் கலவை எண்ணும் வார்த்த தேதியும் எழுதப்பட்டுள்ளன.]

இங்கிருந்துதான் ஆராய்ச்சி தொடங்குகிறது. ‘என் முடிவு தவறாக இருந்தால், அது தவறு என்பது எனக்கு எப்படித் தெரியவரும்?’ என்று சோதனையைத் தொடங்கும் முன்பே கேட்டுக்கொள்ள வேண்டும். அந்தக் கேள்வியைக் கேட்டவுடன் சோதனையின் வடிவமே மாறத் தொடங்கும். ஐந்து கலவைகள் தேவைதானா? 0, 20 ஆகிய இரண்டை மட்டும் எடுத்துக்கொண்டு, ஒவ்வொன்றையும் மூன்று தனித்தனி நாட்களில் புதிதாகக் கலந்து வார்த்தால் என்ன? ஒரே கலவையிலிருந்து எடுத்த மூன்று கியூப்கள் அந்த ஒரு கலவையைப் பற்றி மட்டுமே பேசும். அன்று மணலில் ஈரம் சற்றுக் கூடியிருந்தால், மூன்றும் சேர்ந்தே தவறிவிடும். வெவ்வேறு நாட்களில் போட்ட கலவைகளிலும் அதே போக்கு தென்பட்டால்தான், அது பொருளின் குணம் என்று துணிந்து சொல்ல முடியும்.

காலத்தைப் பற்றியும் யோசிக்க வேண்டும். சிமெண்ட் நீருடன் வினைபுரியும்போது, பலம் தரும் கால்சியம் சிலிகேட் ஹைட்ரேட்டுடன் கால்சியம் ஹைட்ராக்சைடும் உண்டாகிறது. ஃபிளை ஆஷில் உள்ள சிலிகா அந்தக் கால்சியம் ஹைட்ராக்சைடுடன் சேர்ந்து மேலும் பலத்தை உருவாக்குகிறது. ஆனால் இந்த இரண்டாவது வினை மெதுவாக நடப்பது. இருபத்தெட்டாம் நாளைத் தாண்டியும் தொடர்வது. அதனால் 28 நாளோடு நிறுத்தப்படும் சோதனை, ஃபிளை ஆஷ் கான்கிரீட்டைப் பாதி வழியிலேயே எடைபோட்டுவிடுகிறது. இரண்டு கலவைகள், மூன்று வார்ப்புகள், 28 மற்றும் 90 நாட்கள், ஒவ்வொரு முறையும் மூன்று கியூப்கள் என்று திட்டமிட்டால் 36 கியூப்கள் போதும். முன்பு சொன்ன 45ஐ விடக் குறைவான வேலையில், கூடுதலாக நம்பத்தக்க ஒரு விடை கிடைக்கும்.

சாம்பல் எங்கிருந்து வந்தது என்பதும் சிறிய விஷயம் அன்று. நெய்வேலியில் எரிக்கப்படுவது பழுப்பு நிலக்கரி. அதன் சாம்பலில் கால்சியம் அதிகம். மேட்டூரிலும் தூத்துக்குடியிலும் கருப்பு நிலக்கரியை எரிக்கும் அனல்மின் நிலையங்களின் சாம்பலில் கால்சியம் குறைவு. இரண்டும் கான்கிரீட்டில் ஒரே மாதிரி நடந்துகொள்வதில்லை. ‘ஃபிளை ஆஷ் சேர்த்தோம்’ என்று மட்டும் எழுதும் அறிக்கையை வைத்து, அடுத்து வருபவர் அதே சோதனையைத் திரும்பச் செய்ய முடியாது.

மற்றத் துறை மாணவர்களுக்கும் இது அப்படியே பொருந்தும். கம்ப்யூட்டர் சயின்ஸ் மாணவர் ஒருவர், தன் மாடல் பழைய மாடலைவிட அரை விழுக்காடு துல்லியம் கூடுதலாகத் தருகிறது என்று சொல்லும்போது, ரேண்டம் சீடை (மாடலின் தற்செயல் தொடக்கத்தைத் தீர்மானிக்கும் எண்ணை) மாற்றி ஐந்து முறையாவது ஓட்டிப் பார்த்தாரா என்பதே முதல் கேள்வியாக இருக்க வேண்டும்.

[காட்சி: இயற்பியல் ஆய்வகம். ஸ்பெக்ட்ரோமீட்டரின் முன் ஒரு மாணவி.]

‘இவ்வளவு எளிய சோதனையில் புதிதாக என்ன கிடைத்துவிடப் போகிறது?’ என்ற தயக்கம் பலருக்கும் உண்டு. சென்னை மாநிலக் கல்லூரியில் மாணவராக இருந்த சி. வி. ராமன், நீங்கள் முதலாண்டு ஆய்வகத்தில் பார்த்திருக்கும் அதே வகை ஸ்பெக்ட்ரோமீட்டரில் பிரிசத்தின் கோணத்தை அளந்துகொண்டிருந்தபோது, ஒளிப்பட்டைகள் இருபுறமும் சமச்சீராக இல்லாததைக் கவனித்தார். செய்முறைத் தேர்வுக்குத் தேவைப்படாத அந்தச் சிறு முரணை அவர் பின்தொடர்ந்தார். அதிலிருந்து எழுந்த கட்டுரை 1906 நவம்பரில் லண்டனின் ஃபிலாசாபிக்கல் மேகசின் இதழில் வெளியானது. அப்போது அவருக்கு வயது 18.

இனி, தொடங்குவது எப்படி என்பதைப் பார்ப்போம். எட்டாவது செமஸ்டர் வரை காத்திருக்க வேண்டாம். ஐந்தாவது செமஸ்டரே நல்ல நேரம். உங்களுக்குப் பிடித்த பாடத்தை நடத்தும் ஆசிரியரிடம், ‘சார், ஏதாவது டாபிக் கொடுங்கள்’ என்றோ ‘மேடம், ஐடியா சொல்லுங்கள்’ என்றோ கேட்டுப் போவதைவிட, ஒரே ஒரு பக்கம் எழுதி எடுத்துச் செல்லுங்கள். என்ன கேள்வி, இதுவரை என்ன தெரிந்திருக்கிறது, எந்தச் சோதனை அதற்கு விடை சொல்லும், எவ்வளவு பொருளும் நாளும் வேண்டும் என்பவை அதில் இருக்கட்டும். அந்தப் பக்கத்தில் பிழைகள் இருந்தாலும் பரவாயில்லை. திருத்துவதற்கு ஒன்று கையில் இருந்தால்தான் ஆசிரியரால் உதவ முடியும்.

கட்டுரைகளைத் தேட கூகுள் ஸ்காலரும், இந்தியப் பல்கலைக்கழகங்களின் முனைவர் பட்ட ஆய்வேடுகளைத் தொகுத்து வைத்திருக்கும் சோத்கங்கா தளமும் போதுமானவை. இருபது கட்டுரைகளின் சுருக்கத்தைப் புரட்டுவதைவிட, ஒரே கட்டுரையின் சோதனை முறைப் பகுதியை நிதானமாகப் படிப்பது அதிகம் கற்றுத்தரும். எத்தனை கியூப்கள், எத்தனை வார்ப்புகள், எந்த ஊர்ச் சாம்பல், எந்த நாளில் சோதனை என்று அதனிடம் கேளுங்கள். அச்சில் வந்த கட்டுரையிலும் இவற்றுக்கு விடை இல்லாமல் இருக்கலாம். அப்படி நீங்கள் காணும் ஓர் இடைவெளியே உங்கள் கேள்வியாகவும் ஆகலாம்.

ஒரு கெட்டி அட்டை நோட்டு வாங்கிக்கொள்ளுங்கள். தேதி, கலவையின் எடைகள், ஸ்லம்ப் (ஈரக் கலவையின் இளக்கத்தைக் காட்டும் அளவு), மணலின் ஈரம், கியூப் உடைந்த விதம் எல்லாவற்றையும் ஆய்வகத்திலேயே பேனாவால் எழுதுங்கள். தவறிப்போன அளவீட்டை அழிக்காமல் ஒரு கோடு போட்டு அடித்துவிட்டு, தவறியதன் காரணத்தைப் பக்கத்தில் எழுதுங்கள். எதிர்பார்த்த வளைவில் அமராத எண்ணைத் திருத்தி அமர வைப்பது மிக எளிது, அதைக் கண்டுபிடிப்பவரும் பெரும்பாலும் இல்லை. அதனாலேயே இதை அழுத்திச் சொல்கிறேன். அந்த எண்ணை நம்பித்தான் ஒருநாள் ஒருவர் கூரை போடுவார்.

பணம் கொடுத்துப் புராஜெக்ட் வாங்குவதும், பணம் கட்டினால் சில நாட்களில் அச்சிட்டுத் தரும் இதழ்களில் கட்டுரை போடுவதும் நம் மாணவர்களிடையே பரவியிருப்பது எனக்கு உண்மையிலேயே வருத்தம் தருகிறது. ரிவியூவில் அவை தப்பிவிடலாம். ஆனால் நான்கு ஆண்டுப் படிப்பில் ஒரு கேள்வியை நாமே கேட்டு நாமே விடை தேடக் கிடைக்கும் ஒரே வாய்ப்பு, அதோடு கைநழுவிப் போகிறது.

கல்லூரிக்கு வெளியேயும் வழிகள் உள்ளன. பெங்களூரு, புது தில்லி, பிரயாக்ராஜ் ஆகிய நகரங்களில் உள்ள மூன்று அறிவியல் அகாதெமிகள் இணைந்து கோடைகால ஆராய்ச்சி உதவித்தொகைத் திட்டத்தை நடத்துகின்றன. தேர்வாகும் மாணவர்கள் இரண்டு மாதம் ஓர் ஆய்வாளரின் ஆய்வகத்தில் பணிபுரியலாம். ஐ.ஐ.டி. மெட்ராஸும் கோடைகாலத் திட்டம் ஒன்றை நடத்துகிறது. மாணவர் புராஜெக்ட்களுக்கு நிதி கோரி, தமிழ்நாடு மாநில அறிவியல் தொழில்நுட்ப மன்றத்துக்குக் கல்லூரி வழியாக விண்ணப்பிக்கலாம். கடைசித் தேதிகளை அந்தந்த நிறுவனங்களின் அறிவிப்பில் பார்த்துக்கொள்ளுங்கள்.

[காட்சி: கியூப்களை நீரில் ஊறவைக்கும் க்யூரிங் தொட்டி. நீருக்குள் ஒன்பது கியூப்கள் வரிசையாக நிற்கின்றன.]

முடிப்பதற்கு முன் நடைமுறைச் சிக்கல் ஒன்று. பிப்ரவரி இறுதியில் வார்த்த கியூப்களுக்குத் தொண்ணூறாம் நாள் மே இறுதியில்தான் வரும். அதற்குள் வைவா முடிந்து, நீங்கள் விடுதி அறையைக் காலி செய்திருப்பீர்கள். எனவே கியூப்களின் மேல் கலவை எண்ணையும் உடைக்க வேண்டிய தேதியையும் அழியாத மையில் எழுதி, நோட்டின் நகலோடு மூன்றாமாண்டு மாணவர் ஒருவரிடம் ஒப்படைத்துவிட்டுச் செல்லுங்கள். அந்தத் தேதியில் அவர் அனுப்பும் எண்கள், உங்கள் அறிக்கையின் முடிவுரையை மாற்றி எழுதச் சொன்னாலும் சொல்லலாம்.