குறைத்துச் சாப்பிட்டும் எடை நின்றுவிட்டது, இனி கூட்டிச் சாப்பிடலாமா?

வணக்கம். அடுத்த கேள்வியை அனுப்பியிருப்பவர் ஒரு சகோதரி. வயது 34, உயரம் 158 சென்டிமீட்டர். இரண்டு ஆண்டுகளாக டயட்டில் இருக்கிறார். 79 கிலோவிலிருந்து 66 கிலோவுக்கு வந்திருக்கிறார். எட்டு மாதமாக எடை அங்கேயே நிற்கிறது. ஆயிரம் கலோரிக்கு மேல் சாப்பிடுவதில்லை, தினமும் ஒரு மணி நேரம் நடக்கிறேன் என்கிறார். முடி கொட்டுகிறது, மின்விசிறிக் காற்றுகூடக் குளிர்கிறது, மாதவிலக்கு தள்ளித் தள்ளிப் போகிறது. "கூடுதலாகச் சாப்பிட்டால் எடை மறுபடி இறங்கும், அதற்குப் பெயர் ரிவர்ஸ் டயட் என்கிறார்களே, உண்மையா? சாப்பிட ஆரம்பித்தால் குறைந்த 13 கிலோவும் திரும்பி வந்துவிடுமா? வெள்ளிக்கிழமை ஒருபொழுது இருக்கிறேன், அதை விட்டுவிட வேண்டுமா?" இதுதான் கேள்வி.

சகோதரி, சாப்பிடுங்கள். இப்போது சாப்பிடுவதைவிடக் கூட்டித்தான் சாப்பிட வேண்டும். ஆனால் எடை இறங்கும் என்ற எண்ணத்தில் சாப்பிடாதீர்கள். கூட்டிச் சாப்பிட்டால் கொழுப்பு கரையும் என்று யார் சொன்னாலும் நம்ப வேண்டாம். உடம்பு தேறுவதற்காகச் சாப்பிடுங்கள். தேறிய பிறகு எடையைப் பற்றிப் பேசலாம்.

அதற்கும் முன்னால் ஒரு வேலை இருக்கிறது. குளிர் தாங்காதது, முடி கொட்டுவது, எடை நகராதது, மாதவிலக்குக் கோளாறு, இவை நான்குமே தைராய்டு குறைபாட்டின் அறிகுறிகளும்கூட. இரத்தசோகையிலும் குளிரும், முடி கொட்டும். சினைப்பை நீர்க்கட்டிப் பிரச்சினையிலும் மாதவிலக்கு தள்ளிப்போகும். அதனால் மருத்துவரைப் பார்த்துத் தைராய்டு, ஹீமோகுளோபின், இரும்புச்சத்துச் சேமிப்பு ஆகிய பரிசோதனைகளைச் செய்துகொள்ளுங்கள். கர்ப்பம் இல்லை என்பதையும் உறுதிசெய்துகொள்ளுங்கள். எல்லாம் டயட்டால்தான் என்று வீட்டிலிருந்தே முடிவுகட்டிவிட வேண்டாம்.

பரிசோதனையில் எதுவும் இல்லை என்றே வைத்துக்கொள்வோம். அப்படியானால் உடம்பு என்ன செய்கிறது? இதைத் தெரிந்துகொள்ள 1944, 45ஆம் ஆண்டுகளில் அமெரிக்காவின் மினசோட்டா பல்கலைக்கழகத்தில் நடந்த ஆய்வைப் பார்க்க வேண்டும். ஆன்செல் கீஸ் என்ற விஞ்ஞானி நடத்தினார். போரில் ஆயுதம் ஏந்த மாட்டோம் என்று மறுத்த 36 இளைஞர்கள், போரால் பட்டினி கிடக்கும் மக்களுக்கு உதவட்டும் என்று தாங்களே முன்வந்து கலந்துகொண்டார்கள். முதலில் நாளுக்குச் சுமார் 3200 கலோரி கொடுத்தார்கள். பிறகு ஆறு மாதம் அதில் ஏறக்குறைய பாதி. உருளைக்கிழங்கு, முட்டைக்கோஸ், ரொட்டி, இவைதான் சாப்பாடு. வாரத்துக்கு 35 கிலோமீட்டர் நடக்க வேண்டும்.

அவர்களுக்கு என்ன ஆயிற்று என்று கேளுங்கள். எடையில் கால்பங்கு போயிற்று. ஓய்வாக இருக்கும்போது உடம்பு செலவழிக்கும் சக்தி 40 சதவீத அளவுக்குக் குறைந்தது. கோடைக் காலத்திலும் குளிர்ந்தது. பிருஷ்டத்தில் சதையே இல்லாததால் தலையணை போட்டுத்தான் நாற்காலியில் உட்கார முடிந்தது. சமையல் புத்தகங்களைத் தேடி வாங்கிப் படித்தார்கள், தட்டை நக்கினார்கள். சாப்பாட்டைத் தவிர வேறு நினைப்பே இல்லாமல் போனது. சகோதரி, இரவில் படுத்துக்கொண்டு சமையல் வீடியோக்களை ஒன்றன்பின் ஒன்றாகப் பார்க்கிறீர்களா? என்னிடம் வருகிற பல பெண்கள் இதை வெட்கத்தோடு சொல்கிறார்கள். வெட்கப்பட இதில் ஒன்றுமே இல்லை. பசித்த உடம்பு அப்படித்தான் நடந்துகொள்ளும்.

அந்த ஆய்வில் எனக்கு மிக முக்கியமாகப் படுவது கடைசிப் பகுதி. தேற்றுவதற்காகச் சிலருக்குப் புரதத்தைக் கூட்டினார்கள், சிலருக்கு வைட்டமின் கொடுத்தார்கள். பெரிய பலன் இல்லை. மொத்தச் சாப்பாட்டைத் தாராளமாகக் கூட்டிய பிறகுதான் தேறினார்கள். முடி கொட்டுகிறது என்று பயோட்டின் மாத்திரை வாங்கிச் சாப்பிட்டுக்கொண்டு, மதியம் ஒரு கரண்டி சாதத்தோடு எழுந்துவிடுகிற தங்கைகள் எல்லாரும் இதைக் கேட்க வேண்டும். குறைவது வைட்டமின் அல்ல, சோறு.

ஆனால் இதே ஆய்வு இன்னொன்றையும் சொல்கிறது. செலவு அவ்வளவு குறைந்தும் அந்த இளைஞர்களின் எடை இறங்கிக்கொண்டுதான் இருந்தது. "மிகவும் குறைவாகச் சாப்பிட்டால் உடம்பு கொழுப்பை விடாமல் பிடித்துக்கொள்ளும், எடையே குறையாது" என்பது சரியல்ல. 1995இல் வெளியான ஒரு புகழ்பெற்ற ஆய்வில், எடையில் பத்து சதவீதம் குறைத்தவர்களின் சக்திச் செலவு, அந்த உடலளவுக்கு எதிர்பார்ப்பதைவிடவும் 10 முதல் 15 சதவீதம் இறங்கியிருந்தது. உங்கள் கணக்கில் சொன்னால், உங்கள் வயதுக்கும் உயரத்துக்கும் நாளுக்கு 1850 கலோரியாவது செலவாக வேண்டும். அது 1600 பக்கம் வந்திருக்கலாம். 1000 ஆக வாய்ப்பு மிகக் குறைவு.

அப்படியென்றால் எட்டு மாதமாக ஏன் நிற்கிறது? கோபப்படாமல் கேளுங்கள், நான் உங்களைப் பொய் சொல்கிறீர்கள் என்று சொல்லவில்லை. 1992இல் நியூயார்க்கில், என்ன செய்தாலும் எடை குறையவில்லை என்று சொன்னவர்களின் உண்மையான சக்திச் செலவை ஆய்வகத்தில் அளந்து, சாப்பிட்டது எவ்வளவு என்று கணக்கிட்டார்கள். சராசரியாக 1028 கலோரி சாப்பிட்டதாக எழுதியிருந்தார்கள். உண்மையில் சாப்பிட்டது 2081. அவர்கள் ஏமாற்றுக்காரர்கள் அல்ல. பசியோடு இருக்கிற மனிதருக்குக் கணக்கு தவறும். குழந்தை மிச்சம் வைத்த தோசை, தாளிக்க ஊற்றிய எண்ணெய், நின்றபடியே வாயில் போட்ட ஒரு கை நிலக்கடலை, இவை எதுவும் நோட்டில் ஏறுவதில்லை. ஒரு மேசைக்கரண்டி எண்ணெய் மட்டுமே 120 கலோரி.

வாரக் கணக்கையும் பாருங்கள். ஐந்து நாள் 1000 கலோரி, சனி ஞாயிறு பசி தாங்காமல் 2500 என்றால், சராசரி 1400ஐத் தாண்டிவிடுகிறது. செலவாகும் 1600க்கு மீதி இருக்கிற இருநூறையும் உடம்பே சரிக்கட்டிவிடும். நடந்துவிட்டு வந்து மாலை முழுக்கச் சாய்ந்தே கிடப்பீர்கள், மாடிக்குப் போக வேண்டிய வேலையைப் பிள்ளையிடம் சொல்வீர்கள். போதாக்குறைக்கு உடம்பில் நீர் கோத்துக்கொண்டு, கரைந்த கொழுப்பும் எடையில் தெரியாமல் போகும். ஐந்து நாள் பட்டினி, இரண்டு நாள் அடங்காத பசி, திங்கட்கிழமை குற்ற உணர்ச்சி. இந்தச் சுற்றை உடைக்கத்தான் தினமும் ஒரே சீராகக் கூட்டிச் சாப்பிடச் சொல்கிறேன்.

எப்படிக் கூட்டுவது? உங்கள் நிலையில் முதல் பத்துப் பதினைந்து நாள் 200 கலோரி கூட்டுங்கள். அடுத்த பத்துப் பதினைந்து நாளில் இன்னொரு 200. இப்படியே 1700, 1800 வரை வந்து, அங்கே மூன்று மாதம் நில்லுங்கள். நம் நாட்டின் தேசிய ஊட்டச்சத்து நிறுவனம், உட்கார்ந்து வேலை செய்கிற 55 கிலோ பெண்ணுக்கே 1660 கலோரி தேவை என்று 2020இல் கணக்கிட்டிருக்கிறது. எனவே நான் சொல்வது விருந்துச் சாப்பாடு அல்ல. காலையில் இரண்டு இட்லியை நான்காக்கி, சாம்பாரில் பருப்பு தெரியும்படி ஊற்றிக்கொள்ளுங்கள். மதியம் கரண்டிச் சாதத்தை ஒரு கிண்ணம் ஆக்குங்கள். கூடவே முட்டையோ மீனோ, சைவம் என்றால் கெட்டியான பருப்பும் ஒரு கிண்ணம் தயிரும். மாலையில் சுண்டல். சாதத்தைக் கண்டு பயப்படாதீர்கள். வேகவைத்த சாதம் 150 கிராம் ஏறக்குறைய 200 கலோரிதான். நடையை அரை மணி நேரமாகக் குறைத்துக்கொண்டு, வாரத்தில் இரண்டு மூன்று நாள் பளு தூக்கும் பயிற்சி செய்யுங்கள். சாப்பிடுவது தசைக்கும் போய்ச் சேர வேண்டும்.

இனி உங்கள் பயத்துக்கு வருகிறேன். எடை ஏறும். முதல் இரண்டு வாரத்தில் ஒன்று, ஒன்றரை கிலோ ஏறலாம். தசையிலும் கல்லீரலிலும் மாவுச்சத்து சேரும்போது ஒவ்வொரு கிராமுடனும் மூன்று கிராம் அளவுக்குத் தண்ணீரும் சேர்கிறது. குடலிலும் உணவு கூடுதலாக இருக்கும். அது கொழுப்பு அல்ல. இந்த இரண்டாவது வாரத்தில்தான் பெரும்பாலானவர்கள் பயந்துபோய்ப் பழைய ஆயிரத்துக்கே ஓடிவிடுகிறார்கள். நீங்கள் ஓடாதீர்கள். தினமும் எடை பார்க்க வேண்டாம், வாரம் ஒருமுறை போதும். அதன் பிறகு கொஞ்சம் கொழுப்பும் கூடலாம், இல்லை என்று நான் வாக்குக் கொடுக்க மாட்டேன். ஆனால் 13 கிலோவும் திரும்பி வருவது, பெரும்பாலும் கட்டுப்பாடு ஒரேயடியாக அறுந்துபோகிறவர்களுக்குத்தான். படிப்படியாகக் கூட்டினால் உங்கள் கை அதில் இருக்கும்.

உடம்பு தேறுகிறதா என்பதைத் தராசில் தேடாதீர்கள். கை கால் சூடாகிறதா, நடுராத்திரியில் பசித்து விழிப்பது நின்றதா, மாதவிலக்கு ஒழுங்காகிறதா என்று பாருங்கள். முடிக்குப் பொறுமை வேண்டும், கொட்டுவது நிற்கவே சில மாதம் ஆகும். மூன்று மாதத்துக்குப் பிறகு இன்னும் எடை குறைய வேண்டும் என்று நினைத்தால், 1800இலிருந்து 300 குறைத்தால் போதும். இரண்டு வாரம் குறைத்து, இரண்டு வாரம் தேவையான அளவு சாப்பிட்டு, மாற்றி மாற்றிச் செய்த ஆண்கள் கூடுதலாக எடை குறைத்ததாக 2017இல் ஓர் ஆஸ்திரேலிய ஆய்வு வந்தது. பின்னால் வந்தவை எல்லாம் அதே பலனைக் காட்டவில்லை. ஆனாலும் இடையிடையே இளைப்பாறுவது மனதுக்கு நல்லது என்பது என் கருத்து.

ஒரு எச்சரிக்கை, இது எல்லாருக்கும். மிகவும் மெலிந்துபோனவர்கள், பல நாள் ஏறக்குறைய ஒன்றுமே சாப்பிடாமல் இருந்தவர்கள், சாப்பிட்டதை வாந்தி எடுக்கிறவர்கள், இந்த வீடியோவைப் பார்த்துத் தாங்களாகவே கூட்டிச் சாப்பிட வேண்டாம். திடீரென்று உணவு ஏறும்போது இரத்தத்தில் பாஸ்பேட் இறங்கி இதயத்துக்கே ஆபத்தாகும். மருத்துவமனையில்தான் தேற்ற வேண்டும்.

கடைசியாக, வெள்ளிக்கிழமை ஒருபொழுது. தேறும் வரைக்கும் அதை நிறுத்திவையுங்கள் என்பேன். கோயிலுக்குப் போங்கள், விளக்கேற்றுங்கள். நோயாளிக்கும் பிள்ளைத்தாய்ச்சிக்கும் நம் வீடுகளில் விரதத்தைக் கட்டாயப்படுத்தியதே இல்லை, நீங்களும் இப்போது தேற வேண்டிய நிலையில்தான் இருக்கிறீர்கள். மனம் ஒப்பவில்லை என்றால், இரவில் பழத்தோடு நிறுத்தாமல் பாலும் நான்கு இட்லியும் சாப்பிட்டுவிட்டுப் படுங்கள்.