ஆளு வராமலே ஆளைக் காட்டுற இசை

நடுவர் ஐயாவுக்கும், நம்ம மலேசியா சுங்கை சிப்புட் டவுன்லேருந்தும் சுத்தியிருக்க தோட்டங்கள்லேருந்தும் வந்து உட்கார்ந்திருக்க எல்லாருக்கும் வணக்கம். தீம் மியூசிக்னா எது பெருசு, படத்தை விட்டு வெளிய வந்து தனியா நிக்கிறதா, படத்தோட ஒட்டி நிக்கிறதா, இதான் தலைப்பு. ஒட்டி நிக்கிறதுதான்னு பேச வந்திருக்கேன்.

எனக்கு முன்னாடி பேசுன தங்கச்சி பம்பாய் தீமை எடுத்தாங்க. 1995 படம், ரஹ்மான் போட்டது, அந்தப் புல்லாங்குழல்னா எனக்கும் உசுரு. 1996ல ஃபயர் படத்துல வந்துச்சு, 2005ல லார்ட் ஆஃப் வார்னு ஹாலிவுட் படத்துலயும் வந்துச்சு, அதனால அதான் பெரிய தீம்னு முடிச்சாங்க. எல்லாம் உண்மைதான் தங்கச்சி, ஆனா மூணு படத்துக்கும் பொருந்துதுன்னா அது பெரிய இசைன்னு அர்த்தம், அதுல எனக்கு மறுபேச்சே இல்ல, தீம்னா ஒரு படத்துக்குத்தானே சொந்தமா இருக்கணும், யாரு வீட்டுக்குப் போனாலும் அங்கயே தங்கிடுற புள்ளைய எந்த வீட்டுப் புள்ளன்னு சொல்றது?

1975ல வந்த ஜாஸ் படத்தை எடுத்துக்குங்க, சுறா படம், ஜான் வில்லியம்ஸ் மியூசிக். ரெண்டே சுரம். ஆர்மோனியத்துல பக்கத்துப் பக்கத்துக் கட்டை, சின்னப் புள்ளகூட அமுக்கிடும். ஷூட்டிங்ல அந்த மெஷின் சுறா கடல் தண்ணி பட்டுப் பட்டு மக்கர் பண்ணிக்கிட்டே இருந்துச்சு, அதனால டைரக்டர் ஸ்பீல்பெர்க் ரொம்ப நேரத்துக்கு சுறாவையே சரியா காட்டல, கேமரா தண்ணிக்கடியில போகுது, அந்த ரெண்டு சுரம் மெல்ல வருது, அப்புறம் வேகம் கூடுது, வீட்டு சோபாவுல உட்கார்ந்திருக்க நாம காலைத் தூக்கி மேல வச்சுக்கிறோம்.

இன்னொரு எடம் இருக்கு. ரெண்டு பசங்க அட்டையில சுறாத் துடுப்பு செஞ்சு தண்ணியில மிதக்க விட்டு விளையாடுவாங்க, கடற்கரையே அலறியடிச்சு ஓடும். அந்த எடத்துல தீம் வராது! நிஜ சுறா இல்லல்ல, அதான் வராது. இசை அங்க பொய் சொல்ல மாட்டேங்குதுங்க. இதைவிட ஒரு தீம் என்ன செஞ்சிடணும்?

ரிங்டோனா வைக்க முடியுதான்னு பாருங்க, அதான் டெஸ்ட்டுன்னு எதிரணி அண்ணன் சொன்னாரு. 1960 சைக்கோ படத்துல பெர்னார்ட் ஹெர்மன் வெறும் தந்தி வாத்தியத்தை மட்டும் வச்சு போட்ட அந்தக் கீச்சு சத்தத்தை எத்தனை பேரு ரிங்டோனா வைப்பாங்க? ஒரு பொண்ணைக் கத்தியால குத்திக் கொல்ற அந்தக் குளியலறை சீனுக்கு மியூசிக்கே வேணாம்னுதான் டைரக்டர் ஹிட்ச்காக் மொதல்ல சொன்னாரு, போட்டுக் காட்டுனதும் மனசு மாறிட்டாரு. சீனோட சேர்த்துக் கேட்டதாலதான் மாறுனாரு அண்ணே.

எங்க பாட்டி ரப்பர் தோட்டத்துல பால்மரம் சீவுனவங்க, விடியுறதுக்கு முன்னாடியே பெரட்டுக்கு, அதான் வேலைக்கு ஆளு கணக்கெடுக்குற எடத்துக்குப் போயிடுவாங்க. வயசான காலத்துல ரெண்டு கண்ணுலயும் புரை. எங்க லயத்துல, அதான் தோட்டத்து வரிசை வீடுங்கள்ல, ஒரு வீட்டுலதான் வீடியோ டெக், அங்க நாயகன் போடுவாங்க, 1987 படம், இளையராஜா. பாட்டிக்கு திரையில ஒண்ணும் தெரியாது, வாசப்படியில உட்கார்ந்து வெத்தலை இடிச்சுக்கிட்டு சத்தத்தை மட்டும் கேட்டுக்கிட்டிருப்பாங்க, டக் டக்னு அந்தச் சின்ன உரல் சத்தம் படம் பூரா கூடவே வரும். தென்பாண்டிச் சீமையிலே மெட்டு படத்துக்குள்ள திரும்பத் திரும்ப வரும்ல, ராஜா குரல்ல ஒரு தடவ, கமல் குரல்ல ஒரு தடவ, அது ஆரம்பிச்சதும் அந்த இடி நின்னுடும். யாரும் கதை சொல்ல வேண்டியதில்ல, வேலு நாயக்கருக்கு என்னமோ ஆயிடுச்சுன்னு அவங்களுக்குத் தெரிஞ்சிடும், முந்தானையை எடுத்து கண்ணைத் தொடைச்சுக்குவாங்க.

அதே பாட்டை ரேடியோவுலயும் போடுவாங்க நடுவர் ஐயா. நல்லாருக்குன்னு தலையாட்டுவாங்க, கை பாட்டுக்கு வெத்தலை இடிச்சுக்கிட்டே இருக்கும்.