நாஹாவில் ஒரு பாட்டி கடை: மிசோ சூப்பே முழுச் சாப்பாடு

வணக்கம் மக்களே! ஜப்பானின் தெற்கே இருக்கிற ஒகினாவா தீவுக்கு வந்து இன்று மூன்றாவது நாள். நாஹா நகரத்தில் அசாட்டோ மோனோரயில் நிலையத்தில் இறங்கி, பக்கத்திலேயே இருக்கிற சகாயேமாச்சி சந்தைக்குள் ஒரு சின்ன ஷொகுடோவில் உட்கார்ந்திருக்கிறேன். ஷொகுடோ என்றால் நம் ஊர் மெஸ் மாதிரி. ஐந்தே மேசை. சமைப்பது, பரிமாறுவது, காசு வாங்குவது எல்லாம் ஒரே பாட்டி. மல்லிகை மணக்கிற சன்பின் டீயை நாமே ஊற்றிக்கொள்ளலாம். பாட்டிக்குக் கேமராவில் முகம் காட்ட விருப்பமில்லை, அதனால் தட்டை மட்டும் காட்டுகிறேன்.

இதோ வந்துவிட்டது மிசோ சூப். மிசோ என்றால் புளிக்கவைத்த சோயா விழுது. கிண்ணத்தின் அளவைப் பாருங்கள்! டோக்கியோவில் இது சாப்பாட்டுக்குத் துணையாகச் சின்னக் கிண்ணத்தில் வரும். ஒகினாவா ஷொகுடோக்களில் இதுதான் சாப்பாடே. பன்றி இறைச்சி, டோஃபு என்கிற சோயாப்பால் கட்டி, முட்டைக்கோஸ், கேரட், முளைப்பயறு, நடுவில் உடைத்து ஊற்றிய முட்டை, பக்கத்தில் ஒரு கிண்ணம் சோறு. ஒரு நிமிடம், முதல் வாய் சாப்பிட்டுவிட்டுப் பேசுகிறேன்... அருமை. வீட்டில் உடம்பு சரியில்லாதபோது அம்மா கொடுக்கிற ரசத்தைக் குடித்தால் நெஞ்சுக்குள் ஒரு சூடு இறங்குமே, அதேதான். இந்த மாதிரிச் சாப்பாட்டை இங்கே ‘நுச்சிகுசுய்’ என்கிறார்கள். உயிருக்கு மருந்து என்று அர்த்தம்.

அடுத்து கோயா சம்புரு. கோயா நம் பாகற்காய், சம்புரு என்றால் கலந்து வதக்கியது. கிட்டத்தில் காட்டுகிறேன், மேலே தூவிய மீன் சீவல் ஆவியில் எப்படி நெளிகிறது பாருங்கள்! டோஃபுவைக் கத்தியால் வெட்டவில்லை, கையால் பிய்த்துப் போட்டிருக்கிறார், ஓரமெல்லாம் பொன்னிறமாகச் சிவந்திருக்கிறது. இது ஷிமா டோஃபு. மற்ற இடங்களில் அரைத்த சோயாவைக் காய்ச்சிவிட்டுப் பிழிவார்கள். இங்கே தேங்காய்ப்பால் எடுப்பதுபோல் பச்சையாகவே பிழிந்து, அப்புறம் காய்ச்சுவது வழக்கம். கெட்டியாக இருப்பதால் வதக்கும்போது உடையாது.

பாகற்காயின் கசப்பு அப்படியே இருக்கிறது. நாம் புளியும் வெல்லமும் போட்டு அதை அடக்குவோம். இவர்கள் முட்டையையும் பன்றிக் கொழுப்பையும் துணைக்கு விட்டு, கசப்பைக் கசப்பாகவே சாப்பிடுகிறார்கள். எனக்கு இந்த வழி ரொம்பப் பிடித்திருக்கிறது.

இந்தக் காயை ஒரு காலத்தில் ஜப்பானின் மற்ற பகுதிகளுக்கு இஷ்டத்துக்கு அனுப்ப முடியாது. இங்கே காய்களைத் துளைக்கிற ஒரு வகைப் பழ ஈ இருந்தது, அது அங்கேயும் பரவிவிடக் கூடாது என்று தடை. மலடாக்கிய ஈக்களைக் கோடிக்கணக்கில் பறக்கவிட்டு, 1993இல் ஒகினாவா முழுவதும் அந்த ஈயை ஒழித்துவிட்டார்கள். இன்று டோக்கியோ கடைகளில் கோயா சாதாரணமாகக் கிடைக்கிறதென்றால் அந்த உழைப்புதான் காரணம்.

சம்புருவில் இளஞ்சிவப்பாகச் சதுரம் சதுரமாகத் தெரிகிறதே, அது டின்னில் வருகிற பன்றி இறைச்சி. இங்கே அதற்குப் பெயரே ‘போக்’தான். 1945 போரில் தீவு நாசமான பிறகு, 1972 வரை அமெரிக்க நிர்வாகம். அந்தப் பஞ்ச காலத்தில் கைக்குக் கிடைத்த டின் அப்படியே வீட்டுச் சமையலில் தங்கிவிட்டது. பாட்டி வயதுக்காரர்களுக்கு இது சின்ன வயதுச் சாப்பாடு, அதனால் இதை மட்டமாகப் பேச எனக்கு மனம் வராது.

மேசையில் இருக்கிற இந்தக் குட்டிப் பாட்டில் கோரேகுசு. அவமோரி என்கிற உள்ளூர் அரிசிச் சாராயத்தில் ஊறிய காந்தாரி மாதிரிக் குட்டி மிளகாய். ஒகினாவா சோபா என்கிற நூடுல்ஸில் விடுவதற்கு வைத்திருக்கிறார்கள், நான் சூப்பில் இரண்டே சொட்டு விடுகிறேன்... ஆஹா, சுள்ளென்று மூக்கு வரை ஏறுகிறது! சாராயம் தொடாதவர்கள் இதைத் தவிர்த்துவிடுங்கள்.

சரி, முட்டையைக் கடைசிக்கு வைத்திருந்தேன். இதோ உடைக்கிறேன், மஞ்சள் கரு சூப்பில் எப்படி இறங்குகிறது பாருங்கள். மீதிச் சோற்றை இதிலேயே போட்டுப் பிசைந்து முடித்துவிட்டு, பாட்டியிடம் அவர் மொழியிலேயே ‘குவாச்சி சபிட்டான்’ சொல்லப்போகிறேன். சாப்பாடு பிரமாதம், நன்றி என்று அர்த்தம். காலையிலிருந்து சொல்லிப் பழகிக்கொண்டிருக்கிறேன்.