பதினோராவது அமர்வு

நேயர்களுக்கு வணக்கம்.

கவுன்சலிங் என்றதும் நம் ஊர்ப் பெண்கள் பலருக்கு நினைவுக்கு வருவது, மகளிர் காவல் நிலையத்திலோ குடும்ப நல நீதிமன்றத்திலோ கணவனையும் மனைவியையும் எதிரெதிரே அமர்த்தி, "பிள்ளைகளுக்காகவாவது சேர்ந்து வாழுங்கள்" என்று பேசி அனுப்பும் அந்த ஒரு மணி நேரம்தான். நான் பேச வந்திருப்பது அதைப் பற்றி அல்ல. அடியாலோ, பாலியல் வன்முறையாலோ, ஆண்டுக்கணக்கில் கேட்ட இழிசொற்களாலோ மனம் புண்பட்ட ஒரு பெண், தனியாக வந்து, தனக்காக மட்டுமே பெறுகிற உளவியல் சிகிச்சையைப் பற்றிப் பேச வந்திருக்கிறேன்.

தனியாக என்பதை அழுத்திச் சொல்கிறேன். பெரும்பாலும் அம்மாவோ நாத்தனாரோ உடன் வருவார்கள். பெயரைக் கேட்டால்கூட அவர்களே பதில் சொல்வார்கள். அவர்களை வெளியே அமரச் சொல்வதிலிருந்துதான் சிகிச்சை தொடங்குகிறது. வன்முறை இன்னும் ஓயாத வீட்டிலிருந்து வருபவரைக் கணவருடன் சேர்த்து உட்காரவைத்தால், அங்கே அவர் சொன்ன ஒரு சொல்லுக்காக அன்றிரவே அடி விழக்கூடும். மனநலச் சிகிச்சை பெறுபவரின் விவரங்கள் ரகசியமாகக் காக்கப்பட வேண்டும் என்பதை 2017ஆம் ஆண்டு மனநலப் பராமரிப்புச் சட்டத்தின் 23ஆம் பிரிவு உரிமையாகவே வைத்திருக்கிறது. உயிருக்கு ஆபத்து போன்ற சில விலக்குகளும் அதில் உண்டு. அவற்றை முதல் நாளிலேயே சொல்லிவிடுவதுதான் முறை.

இத்தகைய சிகிச்சைகளில் ஒன்று, அமெரிக்க உளவியலாளர் பட்ரிசியா ரெசிக், பாலியல் வன்முறைக்கு ஆளான பெண்களுக்காக முதலில் வடிவமைத்தது. வழக்கமாக 12 அமர்வுகள். நடந்ததை மறக்கச் சொல்வதில்லை; நடந்ததைப் பற்றி அந்தப் பெண் தனக்குள் சொல்லிக்கொள்ளும் வாக்கியங்களைத்தான் அது எடுத்துப் பார்க்கிறது. "நான் அன்று அங்கே போயிருக்கக் கூடாது", "நான் ஏன் கத்தவில்லை?" என்பவை அடிக்கடி வருகிற வாக்கியங்கள். இவற்றுக்குப் பதிலாக "உன் மேல் தப்பில்லை அம்மா" என்று நாம் அன்போடு சொன்னாலும் அது உள்ளே இறங்குவதில்லை. எத்தனையோ பேர் அவரிடம் ஏற்கெனவே அப்படிச் சொல்லியிருப்பார்கள். ஆகவே கேள்விகளாகக் கேட்கிறோம். அப்போது உங்களுக்கு என்ன வயது? கதவு எந்தப் பக்கம் இருந்தது? நடக்கப்போவது உங்களுக்கு முன்பே தெரியுமா? பேரச்சத்தில் உடல் உறைந்து, குரல் எழும்பாமல் போவது உடலின் இயல்பான எதிர்வினை என்பதை விளக்குகிறோம். ஒரு நாள் அந்தப் பெண்ணே, "கத்தியிருந்தால் என்னைக் கொன்றிருப்பான்" என்று மெல்லச் சொல்வார். பல ஆண்டுகளாகத் தன் மேல் சுமத்திக்கொண்டிருந்த குற்றம் அந்த இடத்தில்தான் அசையத் தொடங்குகிறது.

தன்மதிப்பு என்ற பொருள் இந்தச் சிகிச்சையில் ஏறக்குறைய கடைசியில், பதினோராவது அமர்வில்தான் வருகிறது. பாதுகாப்பு, நம்பிக்கை, தன் வாழ்வின் மேல் தனக்குள்ள அதிகாரம் ஆகியவற்றைப் பேசி முடித்த பிறகே அதைத் தொடுகிறார்கள். அந்த வரிசை சரியென்றே நினைக்கிறேன். காயம்பட்டவரிடம் முதல் நாளே "நீ தைரியமான பெண்" என்று சொல்வது, அவர் இனி அழக்கூடாது என்று கட்டளையிடுவதாகவே அவர் காதில் விழும்.

அந்த அமர்வை ஒட்டித் தரப்படும் வீட்டுப் பயிற்சி மிக எளியது: யாராவது பாராட்டினால் மறுக்காமல் ஏற்றுக்கொள்ள வேண்டும்; நாள்தோறும் தனக்கென இனிய செயல் ஒன்றைச் செய்துகொள்ள வேண்டும், அதுவும் எதற்கும் கூலியாக அல்லாமல். நம் வீடுகளில் இது எவ்வளவு கடினம் என்பது உங்களுக்குத் தெரியும். எல்லோருக்கும் கொடுத்துவிட்டு ஆறிய காபியைக் குடித்துப் பழகியவர், சூடாக ஒரு டம்ளர் காபியை முதலில் தனக்கு ஆற்றிக்கொண்டு உட்கார்ந்தால், ஏதோ திருடிவிட்டதுபோல் கை நடுங்கும். அந்த நடுக்கத்தைப் பற்றித்தான் அடுத்த அமர்வில் அவருடன் பேசுவோம். வீட்டில் இருப்பவர்கள் அந்த நேரத்தில் அவரை ஒரு வேலைக்காகக் கூப்பிடாமல் இருந்தால், அதுவே பெரிய உதவி.

செலவை நினைத்துத் தயங்க வேண்டாம். அரசின் மனநலத் தொலைபேசி உதவிச் சேவையான டெலி மனஸின் எண் 14416, இரவு பகல் எந்நேரமும் தமிழில் இலவசமாகக் கிடைக்கும். வீட்டில் வன்முறை இருந்தால், பெண்களுக்கான உதவி எண் 181. அதன் வழியாக, வன்முறைக்கு ஆளான பெண்களுக்கு உதவும் ஒருங்கிணைந்த சேவை மையம் அருகில் இருந்தால் அதையும் அணுகலாம். பேசும்போது யாராவது வந்துவிடுவார்கள் என்ற அச்சம் இருந்தால், எடுத்தவுடன் அதையே சொல்லிவிடுங்கள். இணைப்பைத் துண்டிக்க நேர்ந்தால் மறுநாள் நீங்களே மீண்டும் அழைக்கலாம்.

வணக்கம்.