பேய் குடியேறும் வீடு

அன்பார்ந்த நேயர்களுக்கு வணக்கம். அண்மையில் பார்த்த திரைப்படங்களைப் பற்றி, அவற்றுள்ளும் திகில் படங்களைப் பற்றி, என் கருத்தைச் சொல்லுமாறு நிலையத்தார் கேட்டார்கள். அந்த அழைப்பு வந்த வாரத்தில்தான் மலையாள இயக்குநர் ராகுல் சதாசிவனின் மூன்று படங்களை ஒன்றன்பின் ஒன்றாகப் பார்த்து முடித்திருந்தேன். 2022-இல் வந்த ‘பூதகாலம்’, 2024 பிப்ரவரியில் வந்த ‘பிரம்மயுகம்’, 2025 அக்டோபர் கடைசியில் வந்த ‘டியஸ் ஈரே’ ஆகிய மூன்றையும் சேர்த்துப் பார்க்கும்போது, நெடுங்காலமாக நான் நண்பர்களிடம் சொல்லி வரும் ஒரு கருத்து மேலும் உறுதியாயிற்று. ஒரு பேய்ப் படம் நிற்பதும் விழுவதும் அதில் வரும் வீட்டைப் பொறுத்தே என்பதுதான் அது. பேயின் ஒப்பனையும் அதன் முன்கதையும் அதற்குப் பிறகுதான்.

மூன்று படங்களுக்கும் மூன்று வீடுகள். ‘பூதகாலம்’ நடப்பது நம் தெருவிலும் இருக்கக்கூடிய ஒரு சாதாரண வாடகை வீட்டில். தாயும் மகனும் அதில் வாழ்கிறார்கள். தாயாக நம் ரேவதி நடித்திருக்கிறார்; மகனாக ஷேன் நிகம். படுத்த படுக்கையாக இருந்த பாட்டி தொடக்கத்திலேயே இறந்துவிடுகிறார். மகனுக்கு வேலை இல்லை. வெளியூரில் வேலை தேடிக்கொள்ளவும் தாய் விடுவதில்லை. தாய்க்கோ மனச்சோர்வு. இரவில் ஏதோ சத்தம் கேட்கிறது என்று மகன் சொன்னால், சுற்றியிருப்பவர்கள் அவனுக்கு மனநலம் கெட்டுவிட்டது என்று முடிவு கட்டுகிறார்கள். இருவரும் ஒரே கூரையின் கீழ் தனித்தனியாகப் பயந்துகொண்டிருக்கிறார்கள், நேயர்களே. ஒருவர் பயத்தை மற்றவரிடம் சொல்ல முடியாத அந்த நிலைதான் படத்தின் பெரும்பகுதி. பேய் கண்ணுக்குத் தெரிவதற்கு வெகுநேரம் முன்பே நமக்கு மூச்சு முட்டுவது அதனால்தான்.

‘பிரம்மயுகம்’ முழுக்கக் கறுப்பு வெள்ளையில் எடுக்கப்பட்ட படம். 17-ஆம் நூற்றாண்டு மலபார். காட்டுவழியில் தப்பியோடி வரும் தேவன் என்ற பாணன், இடிந்து கிடக்கும் ஒரு மனைக்குள் நுழைகிறான். மனையின் தலைவர் கொடுமண் போற்றியாக மம்மூட்டி. அவரைத் தவிர ஒரு சமையற்காரர், அவ்வளவுதான். வந்தவனை அவர் விரட்டுவதில்லை. பாடச் சொல்கிறார், உணவளிக்கிறார், தங்கச் சொல்கிறார். விருந்தோம்பலை அறத்தின் உச்சியில் வைத்துப் பாடிய மண்ணில் பிறந்த நமக்கு, ‘இரு, இங்கேயே இரு’ என்று சொல்லும் வீட்டுக்காரரே சிறை வைப்பவராக மாறுவதைப் பார்க்கையில் உண்டாகும் கலக்கம் வேறு எந்தக் கோரக் காட்சியிலும் உண்டாகாது. பகடை ஆட்டத்தில் தேவன் தன் காலத்தையே பணயமாக வைத்துத் தோற்கிறான். அதன் பிறகு வெளியே பெய்யும் மழையும் உள்ளே ஒழுகும் கூரையும் பாசி படர்ந்த சுவரும் அவனைச் சுற்றி வேலி போட்டுக்கொள்கின்றன.

மூன்றாவது வீடு இவ்விரண்டுக்கும் நேர்மாறானது. ‘டியஸ் ஈரே’யில் பிரணவ் மோகன்லால் ஏற்றிருக்கும் ரோகன் பெரும் செல்வந்தர் வீட்டுப் பிள்ளை, தொழிலால் கட்டட வடிவமைப்பாளர். இறந்துபோன தோழியின் வீட்டுக்குத் துக்கம் விசாரிக்கச் சென்றவன், அங்கிருந்து அவள் தலையில் செருகும் கிளிப்பை எடுத்து வந்துவிடுகிறான். விசாலமான நவீன மாளிகை அவனுடையது, விளக்குகளுக்குக் குறைவில்லை. இருட்டும் ஒட்டடையும் இல்லாத வீட்டிலும் ஒருவனைத் தூங்கவிடாமல் செய்ய முடியும் என்பதை இயக்குநர் மெய்ப்பித்திருக்கிறார்.

இப்போது நம் ஊருக்கு வருகிறேன். இதைப் பேசத்தான் எனக்கு ஆசை. சென்னைக்காரர்களாகிய நமக்கு அடுக்ககம்தான் வீடு. அரண்மனையில் தூண்களும் சரவிளக்கும் பூட்டிய அறையும் இருக்கும். நாம் யாரும் அங்கே குடியிருந்ததில்லை. பத்துப் பதினைந்து ஆண்டுகளாகத் தமிழில் வந்த நகைச்சுவைப் பேய்ப் படங்களில் பல அத்தகைய மாளிகைகளிலேயே தங்கிவிட்டன. குழந்தைகளோடு சிரித்துப் பார்க்க அவை உதவியிருக்கலாம், ஆனால் படம் முடிந்து வீடு திரும்பும்போது அந்த மாளிகை நம்மோடு வருவதில்லை. 2009-இல் வந்த இரண்டு தமிழ்ப் படங்கள் நம்மோடு வீடு வரை வந்தன.

ஒன்று, விக்ரம் குமார் இயக்கிய ‘யாவரும் நலம்’. மாதவனின் கூட்டுக் குடும்பம் பதின்மூன்றாம் மாடியில் புது ஃபிளாட்டுக்குக் குடிவருகிறது. மற்றவர்களுக்கெல்லாம் இயங்கும் லிஃப்ட் அவர் தனியாக ஏறினால் மட்டும் இயங்குவதில்லை. அந்த வீட்டுக்குள் கைப்பேசியில் அவரை எடுத்த படம் கோணலாகிவிடுகிறது. வீட்டுப் பெண்கள் பகல் ஒரு மணிக்குப் பார்க்கும் தொடரில் நடப்பதெல்லாம் அந்தக் குடும்பத்திலும் நடக்கத் தொடங்குகிறது. இவற்றுள் ஒன்றுகூட நமக்கு அந்நியமானதல்ல என்பதைக் கவனியுங்கள். கடன் வாங்கி ஃபிளாட் வாங்கியவருக்கு லிஃப்டைப் பற்றியும் சாமி அறையைப் பற்றியும் எத்தனை கவலைகள் உண்டோ, அத்தனையையும் அந்தப் படம் எடுத்துக்கொண்டது.

இங்கே என் அத்தையைப் பற்றிச் சொல்லியாக வேண்டும். அசோக் நகரில் ஒரு பழைய அடுக்ககத்தில் இரண்டாம் மாடியில் இருந்தார். மதியச் சாப்பாடு முடிந்ததும் பாத்திரங்களை ஒதுக்கிவிட்டு, வாசற்கதவைச் சாத்தித் தாழ்ப்பாள் போட்டு, மின்விசிறிக்கு நேர் கீழே பாயை விரித்துக்கொண்டு தொடர் பார்ப்பது அவருடைய நெடுநாள் வழக்கம். ‘யாவரும் நலம்’ பார்த்த பிறகும் தொடரை அவர் விடவில்லை. ஆனால் அன்றிலிருந்து வாசற்கதவைத் திறந்து வைத்துக்கொண்டு பார்க்கத் தொடங்கினார். இரும்புக் கிரில் மட்டும் பூட்டியிருக்கும்; கதவு திறந்திருக்கும். பாயும் சற்று நகர்ந்து, மாடிப்படியில் ஏறி இறங்குபவர்கள் கண்ணில் படும் இடத்துக்கு வந்துவிட்டது. எதிர்வீட்டு அம்மா காரணம் கேட்டபோது, காற்று வரட்டும் என்று சொன்னார். என்னிடம் மட்டும், ‘தொடர்ல யாராவது நம்ம வீட்டுப் பேரைச் சொல்லிட்டா ஓட வழி வேணும்ல’ என்றார். ஓர் இயக்குநர் ஒரு வீட்டின் கதவையே திறந்து வைக்கச் செய்துவிட்டார் என்றால், அதைவிடப் பெரிய விமர்சனம் வேறென்ன இருக்கிறது? திகில் படம் நன்றாக இருந்ததா என்று யாரேனும் கேட்டால், பார்த்தவரின் வீட்டில் என்ன இடம் மாறியது என்றுதான் நான் திருப்பிக் கேட்பேன்.

இன்னொன்று, அதே ஆண்டில் அறிவழகன் இயக்கிய முதல் படமான ‘ஈரம்’. ஓர் அடுக்ககத்தின் கதவிடுக்கு வழியாகத் தண்ணீர் வழிகிறது. உள்ளே ஒரு பெண் இறந்துகிடக்கிறாள். அதன்பின் அந்தப் படத்தில் தண்ணீர்தான் பேய். இதன் கனம் சென்னையில் வாழ்ந்தவர்களுக்கே முழுமையாகத் தெரியும். தண்ணீர் லாரி வரும் சத்தத்துக்காகக் குடத்தோடு காத்திருந்தவர்கள் நாம். சம்ப்பில் தண்ணீர் இருக்கிறதா என்று மூடியைத் தூக்கிக் குனிந்து பார்த்தவர்கள் நாம். மேல்தொட்டி நிரம்பி வழிந்தால், யார் மோட்டாரை நிறுத்தாமல் விட்டது என்று சண்டை போட்டவர்களும் நாமே. 2019 கோடையில் ஏரிகள் வறண்டு ஊரே தவித்தது நேயர்களுக்கு நினைவிருக்கும். அப்படிப்பட்ட ஊரில், குழாயில் தண்ணீர் சொட்டுவதைக் கேட்டு ஒருவர் நடுங்க வேண்டுமென்றால், ஆறுதல் தரும் ஓசையை அச்சம் தருவதாக அந்தப் படம் முற்றிலும் மாற்றியிருக்க வேண்டும். அதை ‘ஈரம்’ சாதித்தது. கிணறும் பாழடைந்த கோயில் குளமும் எளிதில் கிடைத்திருக்கும். அவற்றை நாடாமல் குளியலறைக் குழாயைத் தேர்ந்தெடுத்தார்கள்.

இந்த வரிசையில் அஜய் ஞானமுத்துவின் ‘டிமான்ட்டி காலனி’யையும் சேர்க்கலாம். 2015-இல் வந்த அந்த முதல் படத்துக்கு 2024 ஆகஸ்டில் இரண்டாம் பாகமும் வந்தது. ஆழ்வார்பேட்டைப் பகுதியில் உண்மையாகவே அப்பெயரில் ஓர் இடம் இருப்பதால் பலரும் படத்தில் நண்பர்கள் சிலர் நுழைந்து பார்க்கும் பாழடைந்த பங்களாவைப் பற்றியே பேசினார்கள். எனக்கோ அந்த நண்பர்கள் அங்கிருந்து திரும்பி வந்து அடைபட்டுக்கொள்ளும் அந்தச் சிறிய அறைதான் முக்கியம். அங்கேயும் ஒரு தொலைக்காட்சிப் பெட்டி அவர்களுடைய சாவையே அவர்களுக்குக் காட்டுகிறது. இரண்டாம் பாகத்தில் கதை பல இடங்களுக்கு விரிந்ததில் பிரம்மாண்டம் கூடியது; அறையின் நெருக்கம் போய்விட்டது என்பது என் கருத்து.

ஒலியைப் பற்றி விரிவாகச் சொல்ல எண்ணியிருந்தேன். கடிகாரம் அதற்கு இடம் தரவில்லை, சுருக்கமாகவே சொல்கிறேன். திடீரென்று பேரோசை எழுப்பினால் யாருக்கும் உடல் தூக்கிப்போடும்; அதில் கலைத்திறன் ஏதும் தேவையில்லை. ‘டியஸ் ஈரே’யில் வரும் சலங்கையொலி அத்தகையதன்று. அது எந்த அறையிலிருந்து வருகிறது, எவ்வளவு அருகில் வந்திருக்கிறது என்று நம்மைக் கணக்குப் போட வைக்கிறது. வீட்டின் அமைப்பு நமக்குத் தெரிந்திருப்பதால்தான் அந்தக் கணக்கைப் போட முடிகிறது. இந்தப் படங்களை வீட்டில் பார்ப்பவர்கள் ஒலியைக் குறைத்து வைக்காமல், முடிந்தால் காதொலிப்பானோடு, இடையில் கைப்பேசியை எடுக்காமல் பாருங்கள். முதலில் ‘பூதகாலம்’ பாருங்கள். மற்ற இரண்டையும் பிறகு பார்க்கலாம். வாய்ப்புக்கு நன்றி. வணக்கம்.