பெயர் மட்டும் குடிபெயர்ந்த ஊர்

வணக்கம் நேயர்களே. ரோமிலிருந்து ஃபுளோரன்ஸ் போகும் ரயில் பாதையில் ஓர்வியேட்டோ என்று ஓர் ஊர் வரும். எரிமலைச் சாம்பல் இறுகி உண்டான செங்குத்துப் பாறை, அதன் தலையில் ஊர். பெயர் கேட்க அழகாகத்தான் இருக்கிறது, ஆனால் லத்தீனில் அது 'உர்ப்ஸ் வெட்டுஸ்', அதாவது 'பழைய ஊர்', அவ்வளவுதான்.

சரி, பழைய ஊர் என்றால் புது ஊர் எங்கே? அங்கேதான் கதை இருக்கிறது. லத்தீன் பேசுகிறவர்கள் வருவதற்கு முன்னால் இந்தப் பாறையில் எட்ருஸ்கர்கள் என்ற பழைய இத்தாலிய மக்கள் இருந்தார்கள், ஊருக்கு அவர்கள் வைத்த பெயர் வெல்ஸ்னா என்பதுதான் பெரும்பாலான அறிஞர்களின் முடிவு. ரோமானியர் வாயில் அது வோல்சினீ ஆனது. 'வெல்' என்று தொடங்கினால் 'வோல்' ஆக்கிவிடுவது அவர்கள் பழக்கம். இன்றைய வோல்தெர்ரா என்ற ஊரும் எட்ருஸ்கன் மொழியில் வெலத்ரிதான்.

கி.மு. 265இல் ஊருக்குள் அடிமைகளும் விடுதலை பெற்றவர்களும் அதிகாரத்தைக் கைப்பற்ற, பிரபுக்கள் ரோமிடம் ஓடினார்கள். உதவிக்கு வந்த ரோம் மறு ஆண்டு ஊரையே இடித்துவிட்டு, மிஞ்சியவர்களை ஏரிக்கரைக்கு இறக்கிக் குடியேற்றியது. போனவர்கள் பெயரையும் கையோடு கொண்டு போனார்கள். அந்த வோல்சினீதான் தேய்ந்து தேய்ந்து இன்று போல்செனா, ஏரிக்கும் அதே பெயர். பாறைக்கு மிஞ்சியது 'பழைய ஊர்' மட்டும். செர்வெத்தேரி என்ற ஊரும் இந்த ரகம்தான், கைரே என்ற பழம்பெயரோடு 'வெட்டுஸ்' ஒட்டிக்கொண்டது.

எனக்குப் பிடித்தது பாறையின் அடிவாரத்துக் கல்லறைகள். வாசல் நிலைக்கு மேலே வலமிருந்து இடமாக எழுத்து, 'மி' என்று தொடங்கும். 'மி' என்றால் 'நான்'. நான் இன்னாருடையது என்று கல்லறையே பேசுகிறது! எட்ருஸ்கன் மொழி முழுதாக நமக்குப் புரியாது, இந்த வரி மட்டும் சுலபமாகப் புரிந்துவிடும்.

அப்புறம், ரோம் வந்தது உதவிக்கா, அங்கிருந்த 2000 சிலைகளுக்கா என்று பின்னாளில் ஒரு கிரேக்கர் குத்திக் காட்டியதை ரோமானிய எழுத்தாளர் பிளினி எழுதி வைத்திருக்கிறார். ரோமில் சான்ட் ஒமோபோனோ தேவாலயத்தின் அருகே தோண்டியபோது ஒரு பீடம் கிடைத்தது, வெண்கலச் சிலைகளைப் பொருத்திய தடம் அதில் இருக்கிறது. வோல்சினீயைப் பிடித்த பிறகு ரோமின் தலைமை ஆட்சியாளரான கான்சல் ஃபுல்வியுஸ் கொடுத்தது என்று கல்லில் வெட்டியிருக்கிறார்கள். சிலைகளைக் காணவில்லை.