போதும் என்று சொல்லும் புரதம்

(மலேசியாவின் சுங்கை சிப்புட்டில், ஒரு கோயில் மண்டபத்தில் நிகழ்த்திய உரையின் எழுத்து வடிவம்)

அவையில் அமர்ந்திருக்கும் பெரியவர்களுக்கும் தாய்மார்களுக்கும் வணக்கம். முன்வரிசையில் இருப்பவர்களில் பலர் ரப்பர் தோட்டத்தில் பால்மரம் வெட்டியவர்கள். இருட்டு விலகாத காலையில், நெற்றி விளக்கு வெளிச்சத்தில், பால் வெட்டும் கத்தி விரலைப் பதம் பார்த்த அனுபவம் உங்களுக்கு இருக்கும். அந்தக் காயம் ஆறிய விதத்தைச் சற்றே நினைத்துப் பாருங்கள். வெட்டுவாயின் இரு ஓரங்களிலும் இருந்த உயிரணுக்கள் ஒன்று இரண்டாகவும் இரண்டு நான்காகவும் பெருகி, நடுவில் வந்து கூடின. கூடியதும் பெருக்கம் அடங்கிவிட்டது. அடங்காமல் போயிருந்தால் விரலில் ஒரு கட்டி திரண்டிருக்கும். போதும் என்று அவற்றிடம் சொன்னது எது? அதைப் பற்றித்தான் பேச வந்திருக்கிறேன்.

அப்படிச் சொல்லும் புரதங்கள் நம் உடலில் பல உண்டு. கட்டி அடக்கும் புரதங்கள் என்று அவற்றைக் குறிப்பிடுகிறோம். அவற்றை உருவாக்கும் மரபணுக்களில் முதலில் அடையாளம் காணப்பட்டது, சிறு குழந்தைகளுக்கு விழித்திரையில் வரும் புற்றுநோயின் வழியாகத் தெரியவந்தது. 1971இல் ஆல்ஃபிரட் நட்சன் என்னும் அமெரிக்க மருத்துவர் இந்நோய் கண்ட 48 பேரின் விவரங்களை ஆராய்ந்தார். குடும்பவழி வந்த நோய் மிக இளம் வயதிலேயே, பெரும்பாலும் இரண்டு கண்களிலும் தோன்றியது. மற்றவர்களுக்கு அது சற்றுத் தாமதமாக, ஒரே கண்ணில் வந்தது. தாயிடமிருந்து ஒன்று, தந்தையிடமிருந்து ஒன்று என ஒவ்வொரு மரபணுவுக்கும் நம்மிடம் இரண்டு படிகள் (நகல்கள்) இருப்பதால், இரண்டும் பழுதானால்தான் நோய் தொடங்கும் என்றும், ஒரு படி பிறவியிலேயே பழுதாயிருக்கும் குழந்தைக்கு இன்னும் ஓர் அடி போதும் என்றும் அவர் கணித்தார். அந்த மரபணு 13ஆம் குரோமோசோமில் இருக்கிறது. 1986இல் அதைப் பிரித்தெடுத்தார்கள். அது உருவாக்கும் ஆர்பி என்னும் புரதம், உயிரணு தன் டி.என்.ஏ.வைப் படியெடுக்கத் தேவையான மரபணுக்களைத் தூண்டிவிடும் இன்னொரு புரதத்தைப் பிடித்து வைத்திருக்கும். உரிய நேரம் வந்தால் பிடியை விடும். ஆர்பி இல்லாத உயிரணுவில் பிடிப்பதற்கே ஆள் இல்லை. (பேரக்குழந்தையைப் படம் எடுக்கும்போது ஒரு கண்ணின் பாவை மட்டும் வெள்ளையாகத் தெரிந்தால், கேமராவைக் குறை சொல்லாமல் மருத்துவரிடம் காட்டுங்கள்.)

அடுத்தது பி53. இதன் பெயரே ஒரு பிழை. ஆய்வகத்தில் அளந்தபோது 53 கிலோடால்டன் (மூலக்கூறின் எடையைச் சொல்லும் அலகு) எடை போலத் தோன்றியதால் அப்பெயர் வைத்தார்கள். உண்மை எடை ஏறத்தாழ 44தான். 1979இல் கண்டுபிடிக்கப்பட்ட இதைப் பத்து ஆண்டுகள் புற்றுநோயைத் தூண்டும் புரதம் என்றே நம்பினார்கள். ஆய்வாளர்கள் கையில் இருந்த மாதிரிகள் பல ஏற்கெனவே பழுதானவை என்பது பின்னர்தான் தெரிந்தது. 1989இல் கதை தலைகீழானது. திருடன் என்று நினைத்தவன் காவல்காரன்!

நலமான உயிரணுவில் பி53 உருவாகிக்கொண்டே இருக்கும். சில நிமிடங்களில் அழிக்கப்பட்டுக்கொண்டும் இருக்கும். வெயிலோ புகையோ டி.என்.ஏ.வைச் சிதைத்தால் அழிப்பு நிற்கும், பி53 குவியும். அது பெருக்கத்தை நிறுத்திப் பழுது பார்க்க நேரம் வாங்கித் தரும். பழுது பெரிதென்றால் அந்த உயிரணுவைத் தானே மடியச் செய்யும். இப்பணியை நான்கு பி53 மூலக்கூறுகள் ஒன்றாக இணைந்துதான் செய்ய வேண்டும். சாமி பல்லக்கை நால்வர் தூக்கும்போது ஒருவர் கால் இடறினால் மற்ற மூவரின் பலமும் வீணாவதைப் போல, ஒரு படி மட்டும் கெட்டிருந்தாலும் அதிலிருந்து வரும் கோணல் புரதம் நால்வரணியில் நுழைந்து காரியத்தைக் கெடுத்துவிடும். மனிதப் புற்றுநோய்களில் ஏறத்தாழப் பாதியில் இந்த மரபணு பழுதாயிருப்பதில் வியப்பில்லை. நம் செம்பனைக் கன்றுகளைப் பிடுங்கிப்போடும் யானையின் இனத்தை எடுத்துக்கொள்ளுங்கள். அத்தனை பெரிய உடலில் புற்றுநோய் அரிது. ஆப்பிரிக்க யானையிடம் இம்மரபணுவின் படிகள் குறைந்தது 20 இருப்பதாக 2015இல் கண்டார்கள்.

மரபணு பழுதாகாமலேயே புரதம் மட்டும் பறிபோவதும் உண்டு. கருப்பை வாய்ப் புற்றுநோய்க்குக் காரணமான எச்.பி.வி. வைரஸ் உயிரணுவுக்குள் வந்தபின் இரண்டு புரதங்களை உருவாக்க வைக்கிறது: ஈ6 பி53ஐ அழிவுக்கு அனுப்பும், ஈ7 ஆர்பியை முடக்கும். ஒரே வைரஸ் இரு காவலர்களையும் வீழ்த்துகிறது. 2010 முதல் நம் நாட்டுப் பள்ளிகளில் 13 வயதுப் பெண்பிள்ளைகளுக்கு இலவசமாகப் போடும் ஊசி, இந்த வைரஸ் உள்ளே நுழையாமல் தடுப்பதற்கே. ஒப்புதல் படிவம் வீட்டுக்கு வரும்போது கையெழுத்திடத் தயங்கும் பெற்றோர் இன்னமும் இருக்கிறார்கள் என்பது எனக்கு வருத்தம்.

இனி நம் வீட்டுச் செய்தி. புகையிலை சேர்க்காவிட்டாலும்கூடப் பாக்கு புற்றுநோய் உண்டாக்குவது என்பது உலகச் சுகாதார நிறுவனத்தின் புற்றுநோய் ஆய்வுப் பிரிவின் முடிவு. நாள் முழுதும் கன்னத்தில் அடக்கிவைக்கும் அந்த வெற்றிலைபாக்கு உருண்டை படும் இடத்தில் வழித்தாலும் போகாத வெள்ளைத் திட்டு சிலருக்கு வரும். அத்தகைய திட்டுகள் சிலவற்றில், கட்டி என்று சொல்ல எதுவும் இல்லாத நிலையிலேயே, பி16 என்னும் இன்னொரு காவல் புரதம் காணாமல் போயிருக்கும். ஆர்பி தன் பிடியை விட்டுவிடாமல் நிலைக்க வைப்பது அதுதான்.

உள்ளே வரும்போது வாசலில் ஓர் அக்கா கேட்டார்: "நாப்பது வருஷமா வெத்தல போடுறேன் தம்பி, இப்ப விட்டா மட்டும் போனது திரும்பி வருமா?" அக்கா, இழந்த படி அந்த உயிரணுவுக்குத் திரும்பாது. ஆனால் உங்கள் வாயில் ஒரு படியை மட்டும் இழந்து மற்றதோடு நிற்கும் உயிரணுக்களும், இரண்டையும் இழக்காத உயிரணுக்களும் இருக்கின்றன. நீங்கள் இன்று விட்டால் காப்பாற்றுவது அவற்றைத்தான். திட்டு ஏதும் இருக்கிறதா என்று மட்டும் பல் மருத்துவரிடம் இந்த வாரமே வாயைத் திறந்து காட்டிவிடுங்கள்.